பத்து விரலுக்குப் பத்துத் தண்ணீர்

நெல்லிப்பேட்டையில் மருதாணி சிவக்காமல் போன ஆடி மாதம், மற்ற ஆடி மாதங்களைப் போலவே காற்றும் புழுதியுமாகத்தான் வந்தது. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள், வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள், சுண்ணாம்புக்காரத் தெருப் பெண்கள் எப்போதும்போலத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வேலியாக நின்ற மருதாணிச் செடியில் மடி நிறைய இலை உருவிக்கொண்டு போய், கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து, அவரவர் வீட்டு அம்மியில் அவரவர் வீட்டு ஆழ்துளை போர்த் தண்ணீரைத் தெளித்து அரைத்து, விரல் நுனிக்குத் தொப்பியும் உள்ளங்கைக்கு நிலாவும் வைத்துக்கொண்டு, போர்வையில் பட்டுவிடாமல் கையை மல்லாத்தி வைத்துப் படுத்தார்கள். விடிந்ததும் காய்ந்ததை உதிர்த்துவிட்டுப் பார்த்தால் ஒரு கைகூடச் சிவக்கவில்லை. தோல் பதனிடுகிற ஷாப்பின் கழிவுக் கால்வாயை ஒட்டிய வீடுகளில் கை பச்சையாக இருந்தது, செப்புக் குடத்தில் களிம்பு ஏறின மாதிரிப் பச்சை. பழைய பேட்டரி உடைக்கிற சந்தில் இருந்தவர்களுக்குச் சாம்பல். கொலுசுக்கு முலாம் பூசுகிற பட்டறைக்குப் பின்னால் குடியிருந்த மூன்று குடும்பத்துப் பெண்களுக்கு, வாசலில் நிற்கிற யாரும் ஒருமுறை திரும்பிப் பார்க்கிற மாதிரி, மயில் கழுத்து நீலம்.

முதலில் பாக்கைத் திட்டினார்கள். பிறகு பாக்கு விற்ற கடைக்காரரைத் திட்டினார்கள். சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள், மண்ணெண்ணெய் தடவினார்கள், தேங்காய் நாரால் உரசிப் பார்த்தார்கள், நிறம் அசையவில்லை. ஒரு வாரம் போயிற்று, அதற்குள் ஊர் அதைப் பழகிக்கொண்டது. பால்காரர் வீட்டு எண்ணைக் கேட்பதை விட்டுவிட்டு "பச்சைக் கை வீடா, சாம்பல் கை வீடா?" என்று கேட்டார். பேருந்தில் கண்டக்டர் நீட்டிய கையைப் பார்த்ததும் எந்த நிறுத்தத்துக்குச் சீட்டு என்று கேட்காமலே கிழித்துக் கொடுத்தார். ரேஷன் கடையில் ரேகை வைக்கிற மெஷின் பச்சைக் கட்டைவிரலை வைத்தால் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டது. மாடியில் வடகம் காயவைக்கப் போகிற பெண்களின் உள்ளங்கையில், கொய்யா இலை என்று நினைத்துக் கிளிகள் வந்து உட்கார்ந்தன. அவர்களும் அவற்றை விரட்டாமல், ஒரு கையால் வடகம் பிழிந்தார்கள்.

நிரோஷாவின் கையும் பச்சைதான். அவள் அந்தத் தெருவுக்கு வாழ வந்து நான்கு வருடம் ஆகிறது. புருஷன் தினகரன் தோல் ஷாப்பில் தோலை ஊறவைத்துச் சுழற்றுகிற டிரம் ஓட்டுகிறவன். மாமியார் தேசம்மா, புருஷனைப் பறிகொடுத்தவள், தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதல் ஆளாகப் போய் முறை சொல்கிறவள். நிரோஷாவுக்கு முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. அப்போது பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா, பேர் கேட்கிற மாதிரி சாதாரணமாக, "எந்தத் தண்ணிம்மா குடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் நிரோஷாவோடு வீட்டுக்கு வந்தது. அது அவளோடு சாப்பிட்டது, அவளோடு துணி துவைத்தது, அவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கு அவளுக்கு முன்னால் எழுந்து தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும், அதற்கு எந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும், அதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

பேச்சு வெளியே போய், ரெஜினா என்கிற பேராசிரியை ஒருவர் காலேஜ் வேனில் வந்து இறங்கினார். அவர் பெண்களின் கைகளைப் பார்த்தார், அதே செடியில் இலை பறித்தார், தேசம்மாவின் அம்மியிலேயே அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, வரிசையாக வைத்த கண்ணாடிக் குழாய்களில் வீட்டுக்கு வீடு தண்ணீரை ஊற்றி, சாறைச் சொட்டு சொட்டாக விட்டார். குழாய்களில் கையில் இருந்த அதே பச்சை, அதே சாம்பல், அதே நீலம்.

"இலைச் சாறு தண்ணியில கலந்த உலோகத்தைப் பாத்தா நிறம் மாறும்மா. அதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. நாங்க செம்பருத்தி, சங்குப்பூ எல்லாத்துலயும் இதைத்தான் பண்ணிட்டு இருக்கோம்," என்றார் ரெஜினா. "பச்சை வந்தா தோல் பதப்படுத்துற குரோமியம். சாம்பல்னா ஈயம். நீலம்னா நிக்கலோ செம்போ. ஆனா கையில ஏறி இத்தனை நாள் நிக்குது பாருங்க, அதுதான் எங்க புத்தகத்துல இல்ல."

"காய்ச்சிக் குடிச்சா?" என்று கேட்டாள் தேசம்மா.

"காய்ச்சினா கிருமி சாகும். உலோகம் சாகாதும்மா. தண்ணி சுண்டச் சுண்ட அது கெட்டியாத்தான் ஆகும்."

"அப்ப இன்னா பண்ணச் சொல்றீங்க?"

"வேற தண்ணி பாக்கணும்."

"வேற தண்ணி வேன்ல இருக்குதா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்க, எல்லோரும் சிரித்தார்கள், ரெஜினாவும் சிரித்தார். அவர் தான் பார்த்ததை எல்லாம் எழுதி ஓர் அலுவலகத்தில் கொடுத்தார். அலுவலகம் வாங்கி வைத்துக்கொண்டது.

அன்று மாலை வேலை முடிந்து வந்த தினகரன், பாசி பிடித்த கல் மாதிரி இருந்த தன் பெண்டாட்டியின் கையை மடியில் வைத்து விரல் விரலாகத் தேய்த்துப் பார்த்தான். "ஷாப்ப மூடச் சொல்லி எழுதினாங்களாமே அந்த மேடம்?" என்றான்.

"தண்ணிய சுத்தம் பண்ணி வுடச் சொல்லித்தான் எழுதியிருக்காங்க."

"அது செலவு. மூடுறது சுலபம். மூடிட்டா நம்ம எதை வெச்சி சாப்பிடறது?"

"மூடாட்டி நான் இன்னாத்தக் குடிக்கிறது?"

அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறு அந்தத் தண்ணீரில்தான் வெந்திருந்தது.

ஊருக்குப் பெரிய கவலை வேறு இடத்தில் இருந்து வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்த்தார்கள். தரகர், "மேட்டுத்தெருவுல ஒரு வெளிறின கை இருக்குது, பாக்கலாமா?" என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை வீட்டார் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அப்போதுதான் கேன் பாஸ்கர் வழி கண்டுபிடித்தான். அவன் வீட்டுக்கு வீடு தண்ணீர்க் கேன் போடுகிறவன். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த தண்ணீரில் மருதாணி அரைத்தால் கை குங்குமமாகச் சிவக்கிறது என்று தன் தங்கச்சி கையிலேயே காட்டினான். ஊரே அவன் வண்டிக்குப் பின்னால் ஓடியது. அத்தனை பேருக்கு அவ்வளவு தூரத்துத் தண்ணீர் கட்டுப்படி ஆகவில்லை என்பதால், அவன் யோசித்து, மலைத் தண்ணீரைச் சின்னச் சின்ன பாட்டிலில் அடைத்து 'மருதாணித் தண்ணி' என்று சீட்டு ஒட்டி விற்றான். குடிக்கிற பெரிய கேனை மட்டும் பேட்டையிலேயே தன் வீட்டு போரில் பிடித்துக்கொண்டான். கேட்டவர்களிடம் அவன் மறைக்கவும் இல்லை.

"கையில வெக்கிறது நாலு பேருக்குத் தெரியும் யக்கா. குடிக்கிறது யாருக்குத் தெரியுது?"

அது நியாயமாகத்தான் பட்டது எல்லோருக்கும். புதிதாக வைத்த நிறம் பழைய நிறத்தை மூடிவிட, கார்த்திகை முடிவதற்குள் நெல்லிப்பேட்டையில் பழையபடி கைகள் சிவந்துவிட்டன. பியூட்டி பார்லர்காரி பாட்டில் தண்ணீரிலேயே அரைத்து வைப்பதாகப் பலகை மாட்டினாள். தரகர் காப்பி குடித்தார். கிளிகள் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டன. பெண்கள் சிவந்த கையால் குழாயைத் திறந்து, சிவந்த கையால் குடம் பிடித்து, சிவந்த கையால் பிள்ளைகளுக்கு அதே தண்ணீரை மொண்டு கொடுத்தார்கள். நிரோஷா மட்டும் பச்சைக் கையோடு இருந்தாள். தேசம்மா வாங்கி வந்த பாட்டில் தண்ணீரில் மருதாணி அரைக்காமல், அவள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தீர்த்தாள். அது இரண்டு வேளைக்குக்கூட வரவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள்.

"இந்தக் கையோட மணையில உக்காரப் போறியா?" என்றாள் தேசம்மா. "உங்கம்மா வீட்டு ஜனம் வரும். போட்டோ புடிப்பாங்க. ஒரு பாட்டில் வாங்கியாந்து வெச்சிருக்கறேன், மறுபடி குடிச்சிக் கிடிச்சித் தொலைக்காத."

"அத்தை, வளைகாப்புக்கு வர்றவங்க இன்னா கொண்டாருவாங்க?"

"ஆளுக்கொரு சோறு கிளறிக்கினு வருவாங்க. புளிச்சோறு, எலுமிச்சம் சோறு. இது இன்னாடி கேள்வி?"

"சோறு வேணாம். ஆளுக்கு ஒரு சொம்பு, அவங்கவங்க வீட்டுத் தண்ணி கொண்டாரச் சொல்லுங்க. கால்வாய்ப் பக்கத்து முதல் வீட்டுலேருந்து கிழக்கால கடைசி வீடு வரைக்கும், வீடு வுட்டு வீடு, பத்து சொம்பு. பத்துலயும் தனித்தனியா இலை அரைச்சி விரலுக்கு ஒண்ணா எனக்கு வெச்சி வுடட்டும். எந்த விரல் சிவக்குதோ அந்த வீட்டுத் தண்ணிய நான் குடிச்சிக்கறேன்."

தேசம்மா மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த முறைகளில் இப்படி ஒன்று இல்லை. ஆனால் இப்படிச் செய்யக்கூடாது என்றும் எந்த முறையிலும் இல்லை. "பத்து விரலும் பத்து நிறமா இருந்தா பாக்கறவன் சிரிக்க மாட்டானா?" என்று முணுமுணுத்தபடியே எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் வீடு வீடாகச் சொல்லப் போனாள்.

வந்தார்கள். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவும் சிவந்த கையுமாக, சோற்றுத் தூக்குக்குப் பதில் சொம்பு ஏந்திக்கொண்டு வந்தார்கள். சொம்புகளைக் கூடத்தில் வரிசையாக வைத்தபோது எல்லாத் தண்ணீரும் ஒரே மாதிரிதான் இருந்தது, தெளிவாக, அடியில் சொம்பின் வட்டம் தெரிகிற மாதிரி. சந்தனம் பூசினார்கள், வளையல் அடுக்கினார்கள், தேசம்மா முறைப்படி ஓரமாக, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "குங்குமம் வெச்சியா? அட்சதை எங்க?" என்று அங்கிருந்தே எல்லாவற்றையும் நடத்தினாள். பிறகு அம்மியைக் கழுவிக் கழுவி ஒவ்வொரு சொம்பாக அரைத்து, இடது சுண்டுவிரலில் கால்வாய் வீடு என்று ஆரம்பித்து வலது சுண்டுவிரலில் கடைசி வீடு என்று முடித்து, பத்து தொப்பி வைத்தார்கள். இதற்குள் ஒரு வேடிக்கை வந்துவிட்டது அவர்களுக்கு. "எங்க வீட்டு விரல்தான் சிவக்கும் பாரு." "சிவக்கும், சிவக்கும், உங்க வீட்டுக் குழாயில புழு வருதே, அது இன்னா சிவப்பா?" "புழு இருந்தா நல்ல தண்ணி, தெரியுமா? உங்க வீட்டுத் தண்ணியில புழுவே உசுரோட இருக்காது."

மறுநாள் காலையில் தெருவே வாசலில் நின்றது. நிரோஷா கையைக் கழுவி நீட்டினாள். இடது சுண்டுவிரல் கருக்கும் பச்சை. அடுத்தது அதைவிட ஒரு படி இறங்கின பச்சை. அடுத்தது இன்னும் இறங்கின பச்சை. இப்படியே தெருவின் வரிசையில், வீட்டுக்கு வீடு நிறம் இளைத்துக்கொண்டே போய், வலது சுண்டுவிரலில் வெறும் வாழைக்குருத்தாக நின்றது. நடுவில் ஒன்றே ஒன்று, வலது கட்டைவிரல், மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது.

"அஞ்சுகம் வீடு!" என்று ஒரே சமயத்தில் நான்கு பேர் கத்தினார்கள்.

அஞ்சுகம் ஷூவுக்கு மேல்தோல் தைத்துக் கொடுக்கிறவள், தெருவின் நடுவீட்டுக்காரி. அவளும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள், ஆனால் கத்தவில்லை. ஆட்கள் ஓடிப்போய்க் குடம் எடுத்து வந்து, அவள் வீட்டுக் குழாயை நோக்கித் திரும்பியபோது, அவள் ஓடி முன்னால் போய்த் தன் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"புடிக்காதீங்க. அது எங்க வீட்டுத் தண்ணி இல்ல."

"பின்ன?"

அவள் உள்ளே கை நீட்டி ஜன்னல் மேடையிலிருந்து காலி பாட்டிலை எடுத்துக் காட்டினாள். மருதாணித் தண்ணிச் சீட்டு அதில் பாதி கிழிந்திருந்தது.

"அடிப்பாவி," என்றாள் தேசம்மா.

"என் பொண்ணப் பாக்க வர ஞாயித்துக்கிழமை ஆளு வருது, அதுக்குன்னு வாங்கி வெச்சது," என்றாள் அஞ்சுகம். "உன் மருமவளுக்கு மொதப் புள்ள எப்பிடிப் போச்சின்னு எனக்குத் தெரியாதாக்கா? என் வீட்டுத் தண்ணிய அவ கையில வெக்க எனக்கு மனசு வரல. இருக்கறதுலயே நல்லதக் குடுக்கணும்னு தோணிச்சி. நீங்க குடத்தத் தூக்கினு வருவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல."

குடம் தூக்கி வந்தவர்கள் அதைக் கீழே வைத்தார்கள். அவர்கள் தங்கள் சிவந்த கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தெருவில் அதுவரை யாரும் அவற்றை அப்படிப் பார்த்ததில்லை. நிரோஷா மட்டும் சிவந்த கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிவிட்டு, மற்ற ஒன்பதையும் முகத்துக்கு நேராகப் பிடித்து, இடமிருந்து வலமாகப் பார்த்தாள், பிறகு திரும்பித் தெருவைப் பார்த்தாள், பிறகு மறுபடி விரலைப் பார்த்தாள்.

"கிழக்கால போகப் போகக் கொறையுது," என்றாள். "கடைசி வீட்டோட தெரு நின்னுடுச்சி. தண்ணி நின்னுடுச்சா இன்னா? இன்னும் கிழக்கால போய்ப் பாக்கலாம்."

இன்னும் கிழக்கே என்றால் எல்லோருக்கும் தெரியும். தெரு முடிந்து வண்டித்தடம், வண்டித்தடம் முடிகிற இடத்தில் ஒற்றை வேப்பமரம், வேப்பமரத்துக்கு அப்பால் சுடுகாடு. பேட்டைப் பெண்கள் பிணத்துக்குப் பின்னால் அழுதுகொண்டே அந்த மரம் வரைக்கும் வந்து, அதோடு திரும்பிவிடுவார்கள். அதற்கு மேல் காலம் காலமாக ஆண்கள்தான். அங்கே ஓர் அடிபம்பு இருந்தது. காரியம் முடித்தவர்கள் கால் கழுவ ஊராட்சி போட்டுக் கொடுத்தது. அதில் கால் கழுவிவிட்டு, தண்ணீர் ஈரம் உடம்பில் இருக்கக்கூடாதென்று துண்டால் துடைத்துக்கொண்டுதான் ஊருக்குள் வருவார்கள்.

இருந்தாலும் அம்மிக்குழவியும் இலையுமாக வேப்பமரம் வரைக்கும் ஒரு கூட்டம் போயிற்று. அங்கே எல்லைக்கல் மாதிரி எல்லோருடைய காலும் நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து இடுப்பில் குடத்தோடு சின்னப்பொண்ணு வந்தாள். அவள் புருஷன் சுடுகாட்டுக் காவல். அங்கேயே ஓலைக் கூரை போட்டு இருக்கிறார்கள். குடத்தை அணைத்த அவள் கை பளீரென்று சிவந்திருந்தது.

"எந்தக் கடை பாட்டில்டி?" என்று கேட்டாள் ஒருத்தி.

"பாட்டிலா? எங்களுக்கு எவன் பாட்டில் குடுக்கறான்? பம்புத் தண்ணிதான்," என்றாள் சின்னப்பொண்ணு. "ஆடியிலேருந்து இந்தக் கையோடதான் உங்க தெருவுல சாணி அள்ளறேன். ஒருத்தியாவது பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. அவள் கையைப் பார்க்காமல் சில்லறையை அதில் போட்டுவிட்டு உள்ளே போகிறவர்கள்தான் எல்லோரும். இப்போது பார்த்தார்கள், ஆனால் அஞ்சுகத்தின் பாட்டிலைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு எந்தச் சிவப்பையும் நம்ப முடியவில்லை. "சொல்றதுதான் சொல்ற, எங்க எதிர்ல அரைச்சி வெச்சிப் பாத்தாத் தெரியும்," என்றாள் ஒருத்தி.

"வெச்சிக்குங்க," என்று சின்னப்பொண்ணு குடத்தை இறக்கி, மரத்தடியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

அரைத்தார்கள். விழுதை உருட்டிய பிறகுதான் எதில் வைப்பது என்று யோசனை வந்தது. வந்திருந்த எல்லோருடைய கையும் வளைகாப்புக்கென்று பாட்டில் தண்ணீரில் சிவந்திருந்தது. சிவப்பின் மேல் சிவப்பு வைத்து என்னத்தைக் கண்டுபிடிப்பது? நிரோஷா உள்ளங்கையை நீட்டினாள். அவள் விரல்களுக்குத்தான் வைத்திருந்தார்கள், உள்ளங்கையில் ஆடி மாதத்துப் பச்சைதான் இருந்தது.

தேசம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "வளைகாப்பு முடிஞ்ச கையில சுடுகாட்டுத் தண்ணி வெக்க நான் சாகுற வரைக்கும் வுட மாட்டேன்."

"அப்ப எதுலதான் அத்தை பாக்கறது?"

தேசம்மா மரத்தைப் பார்த்தாள், மரத்துக்கு அப்பால் பார்த்தாள். அவள் புருஷன் போன பிறகு, முறைப்படி அவள் கையில் வளையலும் இல்லை, மருதாணியும் இல்லை. எத்தனை ஆடி வந்தும் அடுத்தவர்களுக்கு அரைத்துக் கொடுத்துவிட்டு, விரலில் பட்டதை உடனே கழுவிவிடுகிறவள். பச்சையோ சாம்பலோ நீலமோ எதுவும் ஏறாத கை அந்தத் தெருவிலேயே அது ஒன்றுதான். அவள் முந்தானையில் துடைத்துவிட்டு அதை நீட்டினாள்.

"வைங்க."

"யக்கா, நீங்க..." என்று ஆரம்பித்தாள் அஞ்சுகம்.

"நான் இன்னா? எனக்குத் தெரியாத முறைய நீ சொல்லப் போறியா? வைடி, காயுது."

அஞ்சுகம்தான் வைத்துவிட்டாள். நிலா மாதிரி வட்டமாக, சுற்றிலும் புள்ளிகளோடு, கல்யாணப் பெண்ணுக்கு வைக்கிற அக்கறையோடு வைத்தாள். தேசம்மா அன்றைக்கு முழுக்க அந்தக் கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, நிரோஷா பிசைந்து ஊட்டிய சோற்றைத் தின்றாள். தினகரன் வேலை முடிந்து வந்து அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு முகம் கழுவப் போனான்.

காலையில் அவள்தான் முதலில் எழுந்தாள். நிரோஷா கண் விழித்தபோது, தேசம்மா கொல்லைப்புறத்தில் விளக்குமாடத்துக்குக் கீழே வெளிச்சத்தில் நின்று தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வானம் பிடித்து உள்ளே வைத்த மாதிரி, ஓரம் வரைக்கும் ஒரே சிவப்பு. நிரோஷா பக்கத்தில் போய் நின்றாள். மாமியாரின் கையைத் தன் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு எப்பவும் நல்லாப் புடிக்கும்," என்றாள் தேசம்மா. "உங்க மாமனாரு சொல்வாரு."

பிறகு அவள் தலையை வாரி முடிந்துகொண்டாள், விளக்கி வைத்த பித்தளைக் குடத்தை எடுத்தாள், சிவந்த கையை முந்தானைக்குள் மறைக்காமல் குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, பால் வாங்கவும் கோலம் போடவும் எல்லோரும் வாசலில் நிற்கிற நேரத்தில், தெருவின் நடுவாக நடந்தாள். நிரோஷா பின்னால் நடந்தாள். கோலப்பொடியோடு குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கடைசி வீட்டுக் கிழவர் மட்டும் கேட்டுவிட்டார்.

"தேசம்மா, விளக்கு ஏத்துற வீட்டுக்கு அங்கேருந்தா தண்ணி? அதுவும் புள்ளத்தாச்சிக்கு?"

தேசம்மா நிற்கவில்லை, திரும்பிப் பார்க்க மட்டும் செய்தாள். "என் வீட்டுக்காரரு அங்கதானே இருக்காரு? பேரப் புள்ளைக்கு அவரு ஒரு குடம் தண்ணி குடுக்கக் கூடாதா?"

வேப்பமரத்தடியில் நிரோஷாவை நிற்கச் சொன்னாள். தான் மட்டும் நிழலைத் தாண்டிப் போனாள், அந்தத் தெருவில் பிறந்த எந்தப் பெண்ணும் வாழ வந்த எந்தப் பெண்ணும் போகாத இடத்துக்கு, சாம்பல் மேட்டையும் உடைந்த சட்டிகளையும் ஒதுங்கி ஒதுங்கிக் கடந்து போனாள். சின்னப்பொண்ணு கூரைக்குள்ளிருந்து வந்து கேட்காமலே பம்பை அடித்துக் கொடுத்தாள். தண்ணீர் விட்டு விட்டு வந்தது, பிறகு தடையில்லாமல் வந்தது. தேசம்மா முதலில் கையேந்தி ஒரு வாய் குடித்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள், இன்னொரு வாய் குடித்தாள். சின்னப்பொண்ணிடம் ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் சிரிப்பது மரத்தடிக்குக் கேட்டது.

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வரும்போது வேப்பமரத்தடியில் நிரோஷா தனியாக இல்லை. அஞ்சுகம் வந்திருந்தாள், கையில் குடம். அவளுக்குப் பின்னால் கால்வாய் வீட்டுக்காரி வந்திருந்தாள், அவளும் வெறுங்கையோடு வரவில்லை. அதற்குப் பின்னால் வண்டித்தடத்தில் இன்னும் யாரோ வந்துகொண்டிருந்தார்கள், பாதி போட்ட கோலத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்கள். யாரும் முதலில் மரத்தைத் தாண்டவில்லை. யாரும் வீட்டுக்குத் திரும்பவும் இல்லை.

தேசம்மா அவர்களைக் கண்டுகொள்ளாமல் குடத்தை இறக்கினாள். சொம்பில் சாய்த்தாள். மருமகளிடம் நீட்டினாள்.

"இன்னா பாக்கற? குடி."

நிரோஷா சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பச்சை விரலும் சிவந்த விரலுமாகச் சொம்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து, மூச்சு விடாமல் குடித்தாள். கழுத்தில் வழிந்தது, ஜாக்கெட் நனைந்தது, வளைகாப்பு வளையல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக முழங்கை வரைக்கும் சரிந்து இறங்கின. காலிச் சொம்பைக் கீழே இறக்கி, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, தயங்காமல் அதை மறுபடி நீட்டினாள்.

"இன்னொரு சொம்பு குடுங்க அத்தை."